பைக் பின் ஷாக் மாற்றினால் தூக்கிப்போடுவது நிற்குமா? காசு கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

சேலத்தில் இருந்து நாமக்கல் ஏறத்தாழ 50 கி.மீ. சீலநாயக்கன்பட்டி தாண்டி நான்குவழிச் சாலையில் ஏறிவிட்டால் மல்லூர், ஆண்டகளூர் கேட், புதுச்சத்திரம், புதன்சந்தை என்று பைக் வழுக்கிக்கொண்டு போகும். அங்கே யாருக்கும் ஷாக் அப்சர்பர் ஞாபகம் வராது. சர்வீஸ் ரோட்டில் இறங்கி ஊருக்குள் திரும்பும் கடைசி நாலைந்து கிலோமீட்டரில்தான் வரும். குழாய் பதிக்கத் தோண்டி மூடிய பள்ளம், ஜல்லி பெயர்ந்த ஓரம், பள்ளிக்கூடத்துக்கு ஒன்று கோயிலுக்கு ஒன்று என்று ஊர்க்காரர்களே போட்ட வேகத்தடை. பின்னால் உட்கார்ந்திருக்கும் அம்மா, "கொஞ்சம் மெதுவாப் போப்பா, இடுப்பு போகுது" என்பார். ஓட்டுகிற மகனுக்கோ அவ்வளவு தெரியாது.

அடுத்த நாள் மெக்கானிக் கடையில் வரும் முதல் யோசனை, "பின் ஷாக்கை மாத்திடலாம், கேஸ் ஷாக் போட்டா கார் மாதிரி போகும்." போகுமா? சில பைக்குகளில் நிஜமாகவே நல்ல மாற்றம் தெரியும். சிலவற்றில் ஆயிரக்கணக்கில் செலவழித்த பிறகு முன்பைவிட மோசமாகத் தூக்கிப்போடும். எந்தப் பைக்கில் எது நடக்கும் என்பதைக் கடைக்குப் போகும் முன்பே ஓரளவு கண்டுபிடிக்க முடியும்.

பின்னால் இருப்பவருக்கே ஏன் அடி அதிகம்?

முதலில் அந்த அம்மா விஷயம். ஓட்டுபவர் உட்காரும் இடம் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் இருக்கிறது. பின் சக்கரம் 10 செ.மீ. எழும்பினால் நடுவில் இருப்பவர் அதில் ஏறக்குறைய பாதிதான் எழும்புவார். அவருக்குக் கைப்பிடி இருக்கிறது, கால் ஊன்ற ஃபுட்ரெஸ்ட் இருக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலாகப் பள்ளம் வருவது முன்கூட்டியே கண்ணில் படுகிறது. பின்னால் இருப்பவர் கிட்டத்தட்ட பின் சக்கரத்தின் அச்சுக்கு நேர் மேலே உட்கார்ந்திருக்கிறார். சக்கரத்துக்கு விழும் அடியில் ஷாக் விழுங்கியது போக மிச்சம் முழுவதும் அவருக்கு. சேலை கட்டிக்கொண்டு ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தால் ஊன்ற ஒரு கால்தான், பிடிக்க ஒரு கைதான்.

வேகத்தடையில் ஏறி இறங்கியபோது பின்னால் இருந்தவர் நிலைதடுமாறி விழுந்து உயிரிழந்தார் என்ற செய்தி அடிக்கடி வருகிறது. அதனால் இது சொகுசு பற்றிய விஷயம் மட்டும் இல்லை. ஷாக் எப்படி இருக்கிறது என்று முடிவு செய்கிறவர் ஓட்டுபவர், அதன் பலனை அனுபவிப்பவர் வேறொருவர். ஒரு நாள் நம்பிக்கையான ஒருவரிடம் சாவியைக் கொடுத்து, வீட்டுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் பின் சீட்டில் உட்கார்ந்து ஒரு நடை போய்வந்தால் பாதி விஷயம் புரிந்துவிடும். ஹெல்மெட் பின்னால் இருப்பவருக்கும் கட்டாயம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

உட்கார்ந்திருக்கும் மனித உடல், நொடிக்கு 4 முதல் 8 முறை மேலும் கீழும் ஆட்டும் அதிர்வுக்குத்தான் அதிகமாகப் பாதிக்கப்படுகிறது. முதுகெலும்பும் வயிற்று உறுப்புகளும் அந்த வேகத்தில் சேர்ந்து ஆடத் தொடங்கும். டிராக்டர், லாரி ஓட்டுநர்களின் முதுகுவலியை வைத்து இதை நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். தொழிலாளர்களின் உடல் ஒரு நாளில் எவ்வளவு அதிர்வைத் தாங்கலாம் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2002-லேயே வரம்பு வைத்தது. தினமும் ராசிபுரத்தில் இருந்து சேலத்துக்கு வேலைக்குப் பைக்கில் வந்துபோகிறவருக்கு அப்படி எந்த வரம்பும் கிடையாது.

ஷாக் உள்ளே இருப்பது இரண்டு ஆள்

நாமக்கல், சங்ககிரி பக்கம் லாரி தெரியாதவர்கள் குறைவு. அவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். முழு லோடு ஏற்றிய லாரி மேடு பள்ளத்தில் ஆடி அசைந்து மெத்தென்று போகும். அதே லாரி லோடு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போது கேபினில் இருப்பவரைத் தூக்கித் தூக்கிப் போடும். கமான் பட்டை அதேதான், மாறியது எடை மட்டும். பல டன் சுமைக்காகப் போட்ட பட்டைக்குக் காலி வண்டியின் எடை போதாது, அது வளையவே வளையாது.

பைக்கிலும் இதேதான் நடக்கிறது. ஷாக் அப்சர்பர் என்று நாம் ஒரே பெயரில் சொல்வதற்குள் இரண்டு ஆள் வேலை செய்கிறார்கள். வெளியே சுற்றியிருக்கும் ஸ்பிரிங் எடையைத் தாங்குகிறது. உள்ளே இருக்கும் எண்ணெய்க் குழாய், அதாவது டேம்பர், அந்த ஸ்பிரிங் துள்ளாமல் அடக்குகிறது. ஸ்பிரிங் மட்டும் இருந்தால் ஒரு பள்ளத்தில் இறங்கிய பைக் அடுத்த தெரு வரை ஊஞ்சல் ஆடிக்கொண்டே போகும். பிஸ்டன் நகரும்போது எண்ணெய் சிறு துளைகள் வழியாகப் பிதுங்கிப் போகிறது. துள்ளலின் சக்தி அங்கே சூடாக மாறித் தீர்கிறது. மோசமான ரோட்டில் வெகுதூரம் ஓட்டிவிட்டு ஷாக்கின் குழாயைத் தொட்டால் சூடு தெரியும்.

எண்ணெய் விஷயத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஊசி போடும் சிரிஞ்சில் தண்ணீரை நிரப்பி மெதுவாக அழுத்திப் பாருங்கள், சுலபமாக வரும். வேகமாக அழுத்தினால் கல் மாதிரி எதிர்க்கும். டேம்பரும் அப்படித்தான். மெதுவாக ஏறி இறங்கும் மேட்டில் அது மென்மையாக இருக்கும். திடீரென வரும் கூர்மையான மேட்டில் எண்ணெய் அவ்வளவு வேகமாகத் துளையில் போக முடியாமல் நின்றுவிடும். அடி நேராக முதுகுக்கு.

இந்திய சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பின் விதிப்படி வட்டமான வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் இருக்க வேண்டும். மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் கடப்பதற்காக வகுத்த அளவு அது. அந்த வேகத்தில் அதைக் கடக்க அரை நொடி ஆகும். ஷாக் நிதானமாக அமுங்கி நிமிர அந்த நேரம் போதும். நம் ஊர்களில் ராத்திரியோடு ராத்திரியாகத் தார் கொட்டிப் போடும் தடை சில இடங்களில் ஒரு அடி அகலம்கூட இருப்பதில்லை. அதை 40 கி.மீ. வேகத்தில் கடந்தால் ஒரு நொடியை 37 பங்காக்கி அதில் ஒரு பங்கு நேரம்தான். அந்த இடைவெளியில் எந்த ஷாக்காலும் முழுதாக எதையும் செய்ய முடியாது, அது எவ்வளவு விலையாக இருந்தாலும். வேகத்தைக் குறைப்பது மட்டும்தான் வழி. விற்பவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

விலை உயர்ந்த ஷாக் எங்கே வித்தியாசப்படுகிறது என்றால், அதன் பிஸ்டனில் வெறும் துளைக்குப் பதிலாக மெல்லிய எஃகுத் தகடுகளால் ஆன வால்வு இருக்கும். அழுத்தம் அதிகமானால் அந்தத் தகடுகள் வளைந்து எண்ணெய்க்குக் கூடுதல் வழி விடும். கூர்மையான அடி கொஞ்சம் மழுங்கும்.

பின் சக்கரத்துக்கு இப்படி எண்ணெய் ஷாக் வைப்பதே ஒரு காலத்தில் புதுமை. அதற்கு முன்பு பல பைக்குகளில் பின் சக்கரம் பிரேமோடு இறுக்கிக் கட்டப்பட்டிருக்கும், சீட்டுக்கு அடியில் மட்டும் சைக்கிள் போல இரண்டு சுருள். 1949-ல் விற்பனைக்கு வந்த ராயல் என்ஃபீல்டு புல்லட், பின் சக்கரத்தை ஸ்விங் ஆர்மில் ஏற்றி எண்ணெய் ஷாக் பொருத்திய ஆரம்பகாலப் பைக்குகளில் ஒன்று. அந்தப் புல்லட்டைத் தயாரிக்க 1955-ல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கப்பட்டது. இன்று பக்கத்தில் ஓசூரிலேயே ஷாக் தயாராகிறது. 1961-ல் தொடங்கிய கேப்ரியல் இந்தியா நிறுவனத்துக்கு அங்கே ஆலை இருக்கிறது.

காசில்லாமல் முதலில் செய்ய வேண்டியவை

ஷாக் வாங்கும் முன் காற்றுப் பாருங்கள். சிரிக்க வேண்டாம், பைக் கல் மாதிரி போவதற்குப் பல நேரம் இதுதான் காரணம். டயரும் ஒரு ஸ்பிரிங்தான். சின்ன ஜல்லி, விரிசல் போன்றவற்றை ஷாக் வரை போகவிடாமல் அதுவே விழுங்கிவிட வேண்டும். பஞ்சர் கடையில் கேட்காமலே காற்றை ஏற்றித் தள்ளிவிடுவார்கள், "ஹைவே போறீங்க, இருக்கட்டும்" என்று. உங்கள் பைக்குக்கு எவ்வளவு என்பது செயின் கவரிலோ ஸ்விங் ஆர்மிலோ ஒட்டிய ஸ்டிக்கரில் அல்லது கையேட்டில் இருக்கும். ஒருவர் போகும்போது ஒரு அளவு, இருவர் போகும்போது அதைவிட அதிகம் என்று இரண்டு எண் இருக்கும். தனியாகவே ஓட்டுகிறவர் இருவருக்கான காற்றோடு சுற்றினால் எந்த ஷாக் போட்டாலும் தூக்கித்தான் போடும். டயர் குளிர்ந்திருக்கும்போது, காலையில் முதல் வேலையாகப் பார்ப்பது சரி.

அடுத்து, ஷாக்கின் அடியில் இருக்கும் படிகள். ஸ்பிளெண்டர் உட்பட பெரும்பாலான இரட்டை ஷாக் பைக்குகளில் ஐந்து படி உண்டு. டூல் கிட்டில் இருக்கும் வளைந்த ஸ்பேனரால் திருப்பலாம். பைக் வாங்கி ஐந்தாறு வருஷம் ஆகியும் ஒருமுறைகூட அதைத் தொடாதவர்கள்தான் அதிகம்.

இந்தப் படியைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. படியை ஏற்றினால் ஸ்பிரிங் கடினமாகிவிடும் என்பார்கள். ஆகாது. ஸ்பிரிங்கின் தன்மை மாறவே மாறாது. புரிவதற்கு ஒரு கணக்கு: இரண்டு ஸ்பிரிங்கையும் சேர்த்து 1 செ.மீ. அமுக்க 40 கிலோ வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பைக்கும் ஆளுமாகப் பின்பக்கம் 100 கிலோ. ஸ்பிரிங் மொத்தம் 2.5 செ.மீ. அமுங்க வேண்டும். தயாரிக்கும்போதே அதை 1 செ.மீ. அமுக்கிப் பொருத்தியிருந்தால் நீங்கள் உட்காரும்போது பைக் 1.5 செ.மீ. இறங்கும். படியை ஏற்றி இன்னும் அரை செ.மீ. முன்கூட்டியே அமுக்கினால் பைக் 1 செ.மீ. மட்டுமே இறங்கும். ஆனால் அதற்குப் பிறகு வரும் பள்ளத்தில் மேலும் 1 செ.மீ. அமுங்க அதே 40 கிலோதான். மாறுவது பைக் எந்த உயரத்தில் நிற்கிறது என்பது மட்டும்.

அப்படியானால் எதற்கு அந்தப் படி? பின்னால் 60 கிலோ ஆள் ஏறினால் இந்தக் கணக்கில் இன்னும் 1.5 செ.மீ. இறங்கும். அமுங்க மிச்சம் இருக்கும் இடம் குறையும், பெரிய பள்ளத்தில் "டங்" என்று அடிமட்டம் தட்டும். படியை ஏற்றினால் அந்த இடம் திரும்பக் கிடைக்கும். தனியாகப் போகிறவர் மேல் படியில் வைத்திருந்தால் நேர்மாறான தொல்லை. பைக் தன் முழு உயரத்திலேயே நிற்கும், பள்ளத்தில் சக்கரம் கீழே இறங்கித் தரையைத் தொட ஷாக்கில் நீளம் மிச்சமிருக்காது, மொத்தப் பைக்கும் பள்ளத்தில் விழும். லாரி லோடோடு போகிறதா காலியாகப் போகிறதா என்ற அதே கதை.

சரியாக இருக்கிறதா என்று வீட்டிலேயே அளக்கலாம். பைக்கை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின் சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது, அச்சு நட்டில் இருந்து நேர் மேலே சீட்டின் கீழ்விளிம்பு வரை டேப்பில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஸ்டாண்டை எடுத்துவிட்டு வழக்கமாக எத்தனை பேர் போவீர்களோ அத்தனை பேரும் உட்கார, இன்னொருவர் அதே இடத்தை அளக்கட்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், சக்கரத்தின் மொத்த மேல்கீழ் ஓட்டத்தில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையே இருந்தால் நல்லது. மொத்த ஓட்டம் எவ்வளவு என்பது பல பைக்குகளின் விவரக்குறிப்பில் இருக்கும். கடைசிப் படியிலும் அதைவிட அதிகமாக இறங்கினால் அந்த ஸ்பிரிங் உங்கள் சுமைக்குப் போதவில்லை. முதல் படியிலேயே இறங்கவே இல்லை என்றால் அது உங்களுக்கு ரொம்பக் கடினம். புது ஷாக் வாங்குவதற்கு உண்மையான காரணம் இந்த இரண்டில் ஒன்றாகவோ, டேம்பர் செத்துப்போனதாகவோ இருக்கும்.

டேம்பர் உயிரோடு இருக்கிறதா என்பதைப் பின்பக்கக் கைப்பிடியை இரண்டு கையாலும் அழுத்தி விட்டுப் பார்த்தால் தெரியும். ஒரே மூச்சில் எழும்பி நின்றுவிட்டால் சரி. இரண்டு மூன்று முறை குதித்து அடங்கினால் எண்ணெய் போய்விட்டது. ஷாக்கின் பளபளப்பான கம்பியில் எண்ணெய்ப் பிசுக்கோடு புழுதி அப்பியிருந்தாலும் அதே அர்த்தம். ஒரு பக்கம் மட்டும் ஒழுகுவது அடிக்கடி நடக்கும்.

கடைசியாக ஸ்விங் ஆர்ம் புஷ். சென்டர் ஸ்டாண்டில் வைத்துப் பின் சக்கரத்தைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டுங்கள். லொடலொட என்று ஆடினால் புஷ்ஷோ, வீல் பேரிங்கோ தேய்ந்திருக்கிறது. அதற்குப் புது ஷாக் மருந்தாகாது.

முட்டை, பால், பாவு: சுமை ஏற்றும் வண்டிகள்

இந்தப் பகுதியில் இரண்டு சக்கர வண்டி என்பது பாதி நேரம் சரக்கு வண்டி. 1980-ல் ஓசூரில் இருந்து டிவிஎஸ் 50 வந்தபோது இருவர் உட்காரக்கூடிய நாட்டின் முதல் மொபெட் என்றார்கள். அதன் வாரிசான எக்ஸ்எல் இன்று என்ன சுமக்கிறது என்பதை நாமக்கல்லில் எந்தக் காலை நேரத்திலும் பார்க்கலாம். அட்டைக்கு 30 என்று அடுக்கடுக்காகக் கட்டிய முட்டை, தீவன மூட்டை, பால் கேன். குமாரபாளையம், திருச்செங்கோடு பக்கம் நூல் மூட்டையும் பாவும்.

இவர்களுக்கு ஸ்பிரிங் கடினமாகத்தான் வேண்டும். அதற்காகச் செய்யும் கைவைத்தியம் ஒன்று உண்டு: ஸ்பிரிங் சுருள்களுக்கு இடையே ரப்பர் துண்டைச் செருகுவது. காசு செலவில்லை, உடனே பலன் தெரியும், மறுக்க முடியாது. ஆனால் ரப்பர் செருகிய சுருள் வேலை செய்வதை நிறுத்திவிடுகிறது. மீதிச் சுருள்கள் முழுச் சுமையையும் தாங்க வேண்டியிருக்கும். ஸ்பிரிங் அந்த இடத்தில் உடைய வாய்ப்பு அதிகம். இன்னொன்று, கடினமான ஸ்பிரிங் அதிக வேகத்தோடு திருப்பி உதைக்கும். அதை அடக்கும் எண்ணெய் பழைய அளவிலேயே இருப்பதால் வண்டி பின்பக்கம் துள்ளும். முட்டைக்கு அதுதான் எமன்.

சுமை ஏற்றாத நேரத்தில் அதே வண்டியில் குழந்தையைப் பள்ளிக்கு அழைத்துப் போகிறவர்கள்தான் பெரும்பாலோர். அவர்களுக்கு ஒத்துவருவது, ஆரம்பத்தில் நெருக்கமாகவும் போகப்போக விலகியும் சுற்றிய ஸ்பிரிங். சுமை குறைவாக இருக்கும்போது நெருக்கமான சுருள்கள் மட்டும் அமுங்கி மென்மை தரும். சுமை ஏறினால் அவை ஒன்றோடொன்று ஒட்டி, கடினமான சுருள்கள் வேலைக்கு வரும். பஜாஜ் தன் பிளாட்டினாவில் ஸ்பிரிங்குக்குள் இன்னொரு ஸ்பிரிங் வைத்ததும் ஏறக்குறைய இதே பிரச்சினையைத் தீர்க்கத்தான்.

கேஸ் ஷாக்: எது நிஜம், எது அலங்காரம்?

கேஸ் என்றதும் பலர் காற்று மெத்தை போல நினைத்துக்கொள்கிறார்கள். உள்ளே எடையைத் தாங்குவது அப்போதும் ஸ்பிரிங்தான், துள்ளலை அடக்குவது எண்ணெய்தான். சாதாரண ஷாக்கில் எண்ணெய்க்கு மேலே கொஞ்சம் காற்று இருக்கும். தொடர்ந்து அடி விழுந்தால் இரண்டும் கலந்து, சோப்பு நுரை போல ஆகிவிடும். நுரை துளையில் எதிர்ப்பே இல்லாமல் ஓடும், அப்போது டேம்பர் இருந்தும் இல்லாத கதைதான். கேஸ் ஷாக்கில் நைட்ரஜனை அழுத்தி அடைத்து எண்ணெயை நுரைக்கவிடாமல் வைத்திருக்கிறார்கள். பல்சரில் பார்க்கும் அந்தக் குப்பி இந்த வகை.

ஆக, கேஸ் ஷாக்கின் லாபம் நீண்ட நேரம் மோசமான ரோட்டில் போகும்போதும், வெயிலில் எண்ணெய் இளகும்போதும் தெரியும். சேலத்துக் கோடையில், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவிலோ ஏற்காட்டின் 20 வளைவிலோ இருவராக இறங்கி வரும்போது வித்தியாசம் உணரலாம். வீட்டில் இருந்து கடைவீதிக்குப் போய்வர அதில் பெரிய லாபம் இல்லை.

சந்தையில் கவனிக்க வேண்டியது வேறு. சிவப்பு, தங்க நிறத்தில் மினுமினுக்கும் சில மலிவு ஷாக்குகளில் பக்கவாட்டுக் குப்பி வெறும் அலங்காரம். குப்பிக்கும் குழாய்க்கும் நடுவே துளையே இருக்காது, உள்ளே எண்ணெயும் இல்லை கேஸும் இல்லை. வெளியில் இருந்து பார்த்துச் சொல்வது கஷ்டம். தயாரிப்பாளர் பெயர், பாகத்தின் எண், அச்சிட்ட விலை, எந்த மாடலுக்கு என்ற விவரம் எதுவும் இல்லாமல் வெறும் பாலிதீன் உறையில் வந்தால் வேண்டாம். பைக் நிறுவனத்தின் சொந்த உதிரிபாகம், அல்லது பைக் நிறுவனங்களுக்கே ஷாக் தயாரித்துக் கொடுக்கும் கேப்ரியல், எண்டியூரன்ஸ் போன்றவர்களுடையது என்றால் நம்பி வாங்கலாம். தேய்ந்துபோன பழைய ஷாக்கை எடுத்துவிட்டு அதே அளவில் புது ஒரிஜினல் ஷாக் போட்டாலே பலருக்குப் புதுப் பைக் ஓட்டுவது போல இருக்கும். அப்கிரேடு என்று தேடுபவர்களில் கணிசமானோருக்குத் தேவை இதுதான்.

அதற்கு மேல் தாய்லாந்தின் ஒய்எஸ்எஸ், சுவீடனின் ஓலின்ஸ் என்று பெரிய பெயர்கள் உண்டு. உங்கள் எடையைச் சொன்னால் அதற்கேற்ற ஸ்பிரிங்கோடு தருவது, எண்ணெய் எதிர்ப்பைத் தனியாகத் திருகி மாற்றும் வசதி, திரும்பப் பிரித்து சர்வீஸ் செய்யும் வசதி ஆகியவை அவற்றின் பலம். ஆனால் ஓலின்ஸ் விலையில் ஒரு பழைய 100 சிசி பைக்கே வாங்கிவிடலாம். இன்டர்செப்டர், கான்டினென்டல் ஜிடி போன்ற பைக் வைத்துக்கொண்டு நீண்ட பயணம் போகிறவர்களுக்கு அது சரி. ஸ்பிளெண்டருக்கு இல்லை.

நீளம்தான் முக்கியம்

நிறத்தையும் குப்பியையும் பார்ப்பவர்கள் நீளத்தைப் பார்ப்பதில்லை. ஷாக்கின் மேல் கண்ணின் மையத்தில் இருந்து கீழ்க் கண்ணின் மையம் வரை அளக்க வேண்டும். பழையதற்கும் புதியதற்கும் அது ஒன்றாக இருக்க வேண்டும். 2 செ.மீ. நீளமாகப் போட்டால் பைக் பின்பக்கம் தூக்கிக்கொண்டு முன்னால் குனியும். முன் ஃபோர்க்கின் சாய்வு குறைந்து ஹேண்டில் லேசாகிவிடும், நான்குவழிச் சாலையில் லாரி கடந்து போகும் காற்றுக்கே பைக் தடுமாறும். சைடு ஸ்டாண்டில் அதிகமாகச் சாயும், செயின் ஸ்விங் ஆர்மில் உரசும். குட்டையாகப் போட்டால் இருவர் உட்கார்ந்து பள்ளத்தில் இறங்கும்போது டயர் மட்கார்டில் இடிக்கும். வேறு மாடலின் ஷாக் "நட் போல்ட் செட் ஆகுது" என்பதால் மட்டும் சரியாகிவிடாது. 150 சிசி பைக்கின் ஷாக்கை 100 சிசியில் போட்டால் கனமான வண்டிக்கான ஸ்பிரிங் லேசான வண்டியில் வந்து உட்காரும், பிறகு காலி லாரிதான்.

இரட்டை ஷாக்கை எடுத்துவிட்டு மோனோஷாக் வைக்க முடியுமா என்ற கேள்வியும் வருகிறது. 2008-ல் யமஹா ஆர்15, 2012-ல் பல்சர் 200 என்எஸ் என்று வந்ததைப் பார்த்துப் பழைய பைக்கின் பிரேமை வெட்டி வெல்டு வைத்துச் செய்து தருபவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். இரட்டை ஷாக் பிரேம் பின்பக்கச் சீட்டு ரயிலில் சுமையை வாங்கும்படி கட்டப்பட்டது. நடுவில் ஓர் இடத்தில் அத்தனை விசையும் இறங்கினால் வெல்டு விட்டுப்போகும், அதுவும் வேகத்தில் போகும்போது. சட்டமும் விடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு வண்டியின் கட்டமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த விவரத்தில் இருந்து வண்டி மாறக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் உறுதியாகச் சொன்னது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். தேய்ந்த ஷாக்குக்குப் பதில் அதே அளவு ஷாக் போடுவது வெறும் பழுதுபார்ப்புதான், அதில் பயப்பட ஒன்றுமில்லை. வாரன்டி காலத்தில் இருக்கும் பைக் என்றால் மட்டும் ஷோரூமில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மாட்டும்போது

ஒரு பக்கம் மட்டும்தான் ஒழுகுகிறது என்றாலும் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதியது, மறுபக்கம் தளர்ந்தது என்று இருந்தால் ஸ்விங் ஆர்ம் முறுக்கிக்கொள்ளும், பைக் ஒரு பக்கமாக இழுக்கும். கண்களில் வரும் ரப்பர் புஷ், வாஷர் எல்லாம் பழையபடி அதே வரிசையில் திரும்ப வர வேண்டும். ஒரு வாஷர் விட்டுப்போனாலே "டக் டக்" சத்தம் ஆரம்பித்துவிடும். இரண்டு பக்கமும் ஒரே படியில் வைக்கச் சொல்லுங்கள். செயின் தளர்வை, ஆள் உட்கார்ந்த நிலையிலும் ஒருமுறை பார்க்க வேண்டும். சில நாள் ஓட்டிய பிறகு நட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்ப்பது நல்லது.

கழற்றிய பழைய ஷாக் கேஸ் வகை என்றால் அதை வெட்டவோ, சூடு காட்டவோ, தீயில் போடவோ கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கேஸ் வெடித்துச் சிதறலாம். காயலான் கடையில் போடும்போது அதைச் சொல்லியே போடுங்கள். ஒழுகாத, நல்ல நிலையில் இருக்கும் ஒரிஜினல் ஷாக் என்றால் துணியில் சுற்றி வீட்டிலேயே வைத்திருக்கலாம். பைக்கை விற்கும் நாளில் வாங்க வருகிறவர் முதலில் கேட்பது ஒரிஜினல் பார்ட்ஸ்தானா என்றுதான்.